துடைப்பத்தில் வந்த விருந்தாளி

எங்கள் வீட்டில் ஒரு துடைப்பத்துக்கு ராஜமரியாதை நடந்தது என்றால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அதன் முன்னால் அம்மா மணை போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான்.

அப்போது ராயப்பேட்டையில் ஒரு மாடி போர்ஷனில் இருந்தோம். நான் இரண்டாம் வகுப்பு. அம்மா சமைத்துக்கொண்டே பாட்டுக் கட்டுவாள். சாம்பார் கொதிப்பதற்குள் நாலு வரி தயாராகிவிடும். முற்றிய வெண்டைக்காயைத் திட்டி ஒன்று, பொங்கி வழிந்த பாலைக் கேலி செய்து ஒன்று. எழுதிவைப்பதெல்லாம் கிடையாது, ரசத்தோடு அதுவும் தீர்ந்துபோகும்.

அந்த வருஷம் தம்பி நாள் நிறையாமல் பிறந்தான். ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்தாள். அதன்பின் அடுப்படியில் தாளிக்கிற சத்தம் மட்டும்தான். தம்பியை நான் பார்த்ததுகூட இல்லை. பாட்டு இல்லாததுதான் எனக்குப் பெரிய குறை. எப்படியாவது அது திரும்ப வந்துவிட வேண்டும் என்று தினம் சாமி கும்பிட்டேன்.

ஒத்தாசைக்கு அப்பாவின் தங்கை கோடம்பாக்கத்திலிருந்து வந்தாள். சினிமாக்காரர்களுக்குத் துணி தைக்கிற அத்தைக்குக் கையும் வேகம், வாயும் வேகம். வந்ததும் மொட்டைமாடிக்குப் போய், தொட்டியில் அம்மா வளர்த்த கறிவேப்பிலைச் செடியைப் பார்த்துக் கத்தினாள்.

“இன்னா அண்ணி இது! செடி மொட்டையா கீது, புழு மேஞ்சிகினு கீது, நீ பார்த்துகினு கீறியே!”

அந்தப் பட்டாம்பூச்சிப் புழுக்களை அம்மா எனக்குக் காட்டியிருந்தாள். சின்னதில் காக்கா எச்சம் மாதிரி இருக்கும், வளர்ந்தால் இலைப்பச்சை. தொட்டால் தலையில் சிவப்புக் கொம்பு நீட்டும். தாளிக்கக் காய்காரரிடம் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு, செடியை அவற்றுக்கே விட்டிருந்தாள். அத்தைக்கு இதெல்லாம் தெரியாது. நல்ல மனசோடு தென்னந்துடைப்பத்தால் செடியைத் தட்டி, விழுந்ததையெல்லாம் கூட்டி அள்ளித் தெருக் குப்பையில் போட்டாள். செடிக்குப் புளித்த மோரும் ஊற்றினாள். அம்மா மொட்டைச் செடியை ஒருதரம் தடவிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஆனால் ஒரு புழு மட்டும் அத்தைக்கே தண்ணி காட்டிவிட்டது. அடித்த துடைப்பத்திலேயே ஒட்டிக்கொண்டு, இடுப்பில் ஒரு நூலைக் கட்டிச் சாய்ந்து, கூடாகிவிட்டது. நான்தான் பார்த்தேன். அம்மா ஓடி வந்து, துடைப்பத்தை இரண்டு கையாலும் ஏந்தி, அடுப்படி ஜன்னலோரம் சாய்த்து வைத்தாள்.

“அடுப்பாண்ட தொடப்பமா! லட்சுமி வெளிய பூடுவா அண்ணி!”

“போனா போறா” என்றாள் அம்மா.

அப்பா புதுத் துடைப்பம் வாங்கிவந்தார்.

அப்புறம் காத்திருப்புதான். பச்சைக் கூடு ஒருநாள் கருத்து, உள்ளே மடித்துவைத்த இறக்கை நிழலாகத் தெரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பாவம், உதவி செய்யலாமே என்று ஊக்கை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வலி உயிர்போனது.

“வேணாண்டி. அதுக்கு நாள் நிறையணும். முன்னாடியே வந்துட்டா நிக்காது.”

ஊக்கைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். ஒரு ஊக்குக்கா இவ்வளவு கோபம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது கூடு பிளந்தது. அம்மா அடுப்பை அணைத்தாள். அப்பா டிபன் டப்பா கேட்ட குரல் யார் காதிலும் விழவில்லை. பிழிந்துபோட்ட துணிபோலக் கசங்கிய ஒன்று வெளியே வந்து குச்சியைப் பற்றிக்கொண்டது. ஐயோ, இதுவா பறக்கப்போகிறது! பார்க்கப் பார்க்கச் சுருக்கம் நீங்கியது. மெல்ல மெல்ல இறக்கை இறங்கி விரிந்தது. நல்ல கறுப்பு, நடுவே வெள்ளைப் பொட்டுகள் வரிசையாக. அவ்வளவு பெரியது அவ்வளவு சின்னக் கூட்டுக்குள் எப்படி இருந்தது! நான் மூச்சுவிடவும் பயந்தேன். கரண்டியோடு நின்ற அத்தை, “யம்மா... சாமிடா இது” என்று முணுமுணுத்தாள். அது ஒருமுறை சிறகைத் திறந்து மூடியது. பிறகு ஜன்னல் கம்பிக்கு நடுவே புகுந்து பக்கத்து வீட்டு முருங்கையைத் தாண்டிப் போய்விட்டது.

அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்:

“தங்க வந்தாய் என்றிருந்தேன்
தாண்டிப் போக வந்தாயோ!”

பாட்டு வந்துவிட்டது! நான் கைதட்டிக் குதித்தேன். அத்தை ஏனோ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். திரும்பினால் அம்மாவின் கன்னமும் நனைந்திருந்தது. நான் பெரிய மனுஷி மாதிரி முகத்தைத் துடைத்துவிட்டேன்.

“அழாதம்மா. செடி துளிர்க்கட்டும். அது திரும்பி நம்மகிட்டயே வரும் பாரு.”

அம்மா என்னை இழுத்து இறுக்கிக்கொண்டாள். “வரும் இல்லடி? வரும் இல்ல?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

நான் பூச்சியைத்தான் சொன்னேன்.