ஏரிக்குப் போய்வரும் மீன்

என் அக்காவைக் கட்டியவர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க மேலும் கீழுமாகப் போய்வருகிற வேலை. அதனால்தானோ என்னவோ, விடுமுறை என்று வந்தால் சமதரையாக, கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் கிடக்கிற இடத்தில் போய் உட்கார்ந்தால்தான் அவருக்கு மூச்சு சீராகும். ஏரிக்கரையில் கூடாரம் போட்டு இரண்டு மூன்று நாள் தங்குகிற பழக்கம் எங்கள் குடும்பத்துக்குள் நுழைந்தது அவரால்தான். அத்தானைக் கேலி செய்ய மச்சினிக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை நான் ஒருநாளும் வீணடித்ததில்லை.

அத்தான் நல்ல மனிதர். நல்ல மனிதரோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு சிரமம் என்று என் அக்காவைக் கேட்டால் விலாவாரியாகச் சொல்வாள். பேச்சு குறைவு. ஒரு காரியத்தைப் பிடித்தால் உடும்புப்பிடி. விளையாட்டுக்குச் சொன்னதைக்கூட வேதவாக்காக எடுத்துக்கொள்வார். இதில் கடைசியாகச் சொன்ன குணத்தால்தான் எங்கள் வீட்டு நடையில் ஒரு பெட்டி ஆறு வருடமாக உறுமிக்கொண்டிருந்தது.

அந்தப் பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஆரம்பத்தில் நாங்கள் தெர்மக்கோல் பெட்டியில் ஐஸ் கட்டிகளைப் போட்டுத்தான் ஏரிக்குக் கொண்டுபோவோம். மறுநாளே ஐஸ் தண்ணீராகி, பால் பாக்கெட் மிதந்து, வெண்ணெய் ஊறி, திராட்சையில் முட்டை வாசனை அடிக்கும். அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுக்கு வீட்லயே இருந்திருக்கலாம்" என்பாள். இதைக் கேட்டுக் கேட்டு ரோஷம் வந்து, அத்தான் ஒருநாள் கையில் தூக்கிப்போகிற ஃப்ரிட்ஜ் ஒன்றை வாங்கி வந்தார். பெரிய டிரங்குப்பெட்டி அளவு. மேலே இரண்டு மூடி. வலது பக்கம் பால், பழம், முட்டைக்கு. இடது பக்கம் ஃப்ரீசர். கார் ஓடும்போது காரிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும். கூடாரம் போட்டபிறகு ஓடுவதற்கு அத்தான் ஒரு ஏற்பாடு செய்தார். கரண்ட் போனால் லிஃப்ட் நடுவழியில் நிற்காமல் அடுத்த மாடிக்கு வந்து கதவைத் திறக்க ஒரு பேட்டரி வைத்திருப்பார்களாம். கம்பெனியில் கழித்துப்போட்ட அப்படிப்பட்ட பேட்டரிகளைக் கேட்டு வாங்கி, ஒன்றாகக் கோத்து, கார் டிக்கியில் பட்டை போட்டுக் கட்டிவிட்டார்.

முதல் முறை அந்த ஏரிக்கரையில், உச்சி வெயிலில், கண்ணாடி டம்ளரில் ஐஸ் கட்டி மோதுகிற சத்தம் கேட்டது. அத்தான் டம்ளரை அக்காவிடம் நீட்டிவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "பரவாயில்ல" என்றாள். என் அக்காவிடம் பரவாயில்லை வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை.

அந்தக் காலத்தில் எங்களோடு அத்தானின் தம்பியும் வருவான். வெல்டர். அண்ணன் பேசாததையும் சேர்த்து அவனே பேசிவிடுவான். அவனுக்கு மீன் பிடிப்பதில் உயிர். மீன்களுக்குத்தான் அவன்மேல் அப்படி எந்த அபிப்பிராயமும் இல்லை. அத்தான் தூண்டிலைப் போட்டுவிட்டு ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பார், அவருக்கு மீன் சிக்கும். தம்பி பொழுதுக்கும் தண்ணீரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், பாசி சிக்கும். ஒருமுறை இடதுகால் செருப்பு சிக்கியது. அவன் முகம் தொங்கிப்போவதைப் பார்க்கச் சகிக்காமல் அத்தான் ஒரு சட்டம் போட்டார். மீனைப் பிடித்தவர்தான் முதல் துண்டைச் சாப்பிட வேண்டும். அவர் வாயில் வைக்கும்வரை வேறு யாரும் தொடக்கூடாது. தம்பிக்கு ஒரு வேகம் வரட்டும் என்று போட்ட சட்டம். வருடக்கணக்கில் அதனால் பலன் அடைந்தவர் சட்டம் போட்டவர் மட்டும்தான்.

கடைசியாக அவன் வந்த பயணத்தில், கூடாரத்தைப் பிரித்துக் கட்டிவிட்டுக் கிளம்பப் போகிற நேரத்தில், அவன் தூண்டில் வளைந்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு மீன். அவன் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரை முழுக்க ஓடியதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. சமைக்க நேரமில்லை. அந்த வாரம் அவன் வெளிநாட்டில் ஒரு கப்பல் கட்டும் இடத்துக்கு வேலைக்குப் போவதாக இருந்தது. அத்தான் மீனைக் கழுவிச் சுத்தம் செய்து, பையில் போட்டுக் காற்றைப் பிழிந்து கட்டி, இடது பக்கத்தில் வைத்தார். "போறதுக்கு முன்னாடி ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம்டா" என்றார்.

அந்த ஒருநாள் வாய்க்கவில்லை. முன்கூட்டியே கிளம்பச் சொல்லிவிட்டார்கள். விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போகும்போது அவன் திரும்பி, "என் மீனை யாரும் தொடக்கூடாது. நான் வந்துதான் முதல் துண்டு" என்றான். எல்லாரும் சிரித்தோம். அத்தான் மட்டும் தலையை ஆட்டினார்.

இரண்டு வருட ஒப்பந்தம் என்று போனவன். அது முடிந்ததும் நீட்டினார்கள். பிறகு கம்பெனி கைமாறியது, காகிதங்கள் எங்கேயோ சிக்கிக்கொண்டன, லீவு கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறை பேசும்போதும், "அடுத்த வருஷம் கண்டிப்பா வந்துடறேன்" என்பான். கண்டிப்பா என்ற வார்த்தைக்கே எங்கள் வீட்டில் மரியாதை போய்விட்டது. அத்தான் ஒருதரம்கூட எப்போது வருகிறாய் என்று கேட்டதில்லை. "சாப்பிட்டியா? அங்க வெயிலா?" இவ்வளவுதான். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பார். நடைக்குப் போய்ப் பெட்டியில் உள்ளே எவ்வளவு குளிர் என்று காட்டி ஒளிர்கிற எண்ணைப் பார்த்துவிட்டு வருவார்.

மீனை வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்க அக்கா இடம் கொடுக்கவில்லை. "என் ஃப்ரீசர்ல பட்டாணி இருக்கு" என்று முடித்துவிட்டாள். ஆகவே பெட்டி குளியலறைக்குப் போகிற நடையிலேயே சுவரோரமாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் இடித்துக்கொள்ளாத கால் விரல் எங்கள் குடும்பத்தில் கிடையாது. கரண்ட் போனால் அத்தான் சோப்பு நுரையோடு ஓடிப்போய், கார் டிக்கியிலிருந்து பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டுவார். அக்கா அந்த மீனுக்கு 'உங்க தம்பி' என்றே பெயர் வைத்துவிட்டாள். "உங்க தம்பி போடற சத்தத்துல எனக்குத் தூக்கம் போச்சு." "உங்க தம்பியைக் கொஞ்சம் நகர்த்துங்க, கூட்டணும்." அத்தான் மறுபேச்சில்லாமல் நகர்த்துவார்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், ஏரிக்குப் போகும்போது பெட்டியும் வர வேண்டும் அல்லவா. பெட்டி வந்தால் மீனும் வரும். வலது பக்கம் பால், பழம் என்று மாறிக்கொண்டே இருக்கும். இடது பக்கத்து விருந்தாளி மட்டும் அசையாது. வருடாவருடம் அது ஏரிக்குப் போய், கரையில் தங்கி, எங்களோடு திரும்பி வரும். ஒருமுறை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "சொந்த ஊருக்கு வருஷம் தவறாம போய்ட்டு வர்ற குடுப்பினை இந்தக் குடும்பத்துல இதுக்குத்தான் இருக்கு அத்தான்" என்றேன். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்துபோய்த் தம்பியின் தூண்டிலையும் எடுத்துத் தண்ணீரில் போட்டார். அவன் போன பிறகும் அவர் இரண்டு தூண்டில் போடுவதை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"மீனை வச்சிருக்கறதை அவன்கிட்ட சொல்லலாமே. அதுக்காகவாவது வருவான்" என்று கேட்டேன்.

"அதுக்காக வரணுமேன்னு நினைப்பான். அங்க அவனுக்கு என்ன கஷ்டமோ. மீனைச் சொல்லி இழுக்கக்கூடாது" என்றார்.

இந்த வருடம் நாங்கள் கிளம்பிய அன்று வெயில் கொளுத்தியது. காரில் ஏசி பேருக்குத்தான் ஓடியது. அத்தானுக்குப் பெட்டியைப் பற்றியே கவலை. உள்ளே இருக்கிற குளிர் வெளியே போய்விடக்கூடாது என்று, வீட்டிலிருந்த கனத்த கம்பளியை எடுத்துப் பெட்டியைச் சுற்றி நாலு பக்கமும் இழுத்துச் செருகினார். லிஃப்ட் மெஷின் ரூமில் பழைய அட்டைப்பெட்டிகளை அடைத்து வைக்கிற வாட்ச்மேன்களிடம், "மோட்டாருக்கு மூச்சு வேணும்யா" என்று தினமும் சண்டை போடுகிறவர் அவர். பெட்டியின் கைப்பிடிக்குக் கீழே, சூடு வெளியேற இருக்கிற காற்றுத் துளைகள் அன்றைக்கு அவர் கண்ணில் படவில்லை. பாசம் புத்தியை மறைத்துவிட்டது என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தெரியவில்லை.

ஏரிக்கரையில் இறங்கிக் கம்பளியை விலக்கியதும் கருகிய வாடை வந்தது. எண் இருந்த இடம் இருண்டு கிடந்தது. தொட்டால் பெட்டியின் பக்கம் கொதித்தது. அத்தான் பேட்டரியை மாற்றிப் பார்த்தார், ஒயரை மாற்றிப் பார்த்தார். உறுமல் வரவில்லை. கடைசியில் இடது மூடியைத் திறந்து பையை எடுத்தார். ஆறு வருடம் கட்டை மாதிரி இருந்த மீன் அவர் கையில் வளைந்தது.

"மேல பெட்ரோல் பங்க்ல ஐஸ் கிடைக்கும். போட்டு வச்சா பழையபடி ஆகிடாதா?" என்றேன்.

"உருகின மீனைத் திரும்ப உறைய வைக்கக்கூடாதும்மா."

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். பை மடியில் இருந்தது. அக்கா வழக்கம்போல ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் குனிந்து பையைத் தொட்டுப் பார்த்தாள். அத்தானே, "இது இருக்கற வரைக்கும் அவன் வந்துடுவான்னு ஒரு நெனப்பு எனக்கு. பைத்தியக்காரத்தனம்தான்" என்றார். குரல் உடைந்திருந்தது. அவர் அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் அவர் அழவில்லை. பார்த்த எனக்குத்தான் தாங்கவில்லை.

அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "அடுப்பை எடு" என்றாள் என்னிடம். "மேட்டு மேல கொண்டு வா."

அந்த ஏரியில் போனுக்கு சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் கரைக்குப் பின்னாலிருக்கிற மேடு. நான் காஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு, அக்கா வாணலியும் எண்ணெயும் கத்தியும் எடுத்துக்கொண்டு, அத்தான் மீனைப் பிடித்துக்கொண்டு, மூன்று பேரும் மேடேறினோம். பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். அக்கா போனைத் தண்ணீர்க் கேன்மேல் சாய்த்து வைத்து, கொழுந்தனை வீடியோவில் அழைத்தாள். அவன் வேலை நடுவில் இருந்தான். வெல்டிங் தலைக்கவசத்தை மேலே தூக்கிவிட்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது.

"உன் மீன் உருகிப்போச்சு" என்றாள் அக்கா, எடுத்த எடுப்பில்.

"எந்த மீன் அண்ணி?"

அக்கா போனை அத்தான் பக்கம் திருப்பினாள். அவன் பையைப் பார்த்தான். அண்ணன் முகத்தைப் பார்த்தான்.

"அதுவா? அந்த வாரமே சாப்பிட்டிருப்பீங்கன்னு நினைச்சேனே."

"நீதானே தொடக்கூடாதுன்ன" என்றார் அத்தான்.

எப்போதும் வாயடிக்கிறவன் கையுறையை மெல்லக் கழற்றினான். பின்னால் எங்கேயோ இரும்பை அடிக்கிற சத்தம்தான் கேட்டது. அக்கா மீனைத் துண்டு போட்டு, உப்பும் மிளகும் தடவி, எண்ணெயில் போட்டாள். முதல் துண்டு வெந்ததும் அத்தான் அதை ஊதி ஆற வைத்து, போனுக்கு முன்னால் நீட்டினார். அவர் முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை. அங்கே தம்பி, சுற்றி ஆட்கள் இருப்பதைப் பொருட்படுத்தாமல், வாயைத் திறந்தான். மூடினான். மென்றான்.

"ஆச்சு. இப்ப நீ சாப்பிடு அண்ணா."

அத்தான் சாப்பிட்டார். நாங்களும் சாப்பிட்டோம். பஞ்சை மெல்லுவது மாதிரி இருந்தது. மீன் என்பதற்கு முள் ஒன்றுதான் அடையாளம்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குடா."

"அண்ணி, அண்ணன் பொய் சொல்றார்தானே?"

"ஆமா" என்றாள் அக்கா.

அவன் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் வழக்கமான வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். அடுத்த வருஷம் கண்டிப்பா என்று அவன் சொல்லவில்லை. "வால் துண்டை மட்டும் எனக்கு வச்சிருங்க. யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றான். தலைக்கவசத்தைச் சட்டென்று கீழே இறக்கிக்கொண்டான். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் முகம் தெரியவில்லை. அழைப்பு அணைந்தது.

"எதுல வைக்கறது? பெட்டிதான் போச்சே" என்றார் அத்தான்.

"வறுத்ததை உறைய வைக்கலாம்" என்றாள் அக்கா. அவளே என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு பெட்ரோல் பங்குக்குப் போய் ஐஸ் வாங்கி வந்தாள். நாங்கள் அன்றைக்கே கூடாரத்தைப் பிரித்துவிட்டோம். வீடு வரும்வரை ஐஸ் பை அக்காவின் மடியில்தான் இருந்தது. புடவை முழுக்க நனைந்து, கால் மரத்துப்போனது. பின்சீட்டில் வைக்கச் சொன்னதற்கு என்னை முறைத்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகச் சமையலறைக்குப் போய்த் தன் ஃப்ரீசரைத் திறந்தாள். பட்டாணிப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேடையில் போட்டாள். நடு இடத்தில் வால் துண்டை வைத்தாள். அத்தான் பின்னால் நின்று, திறந்திருந்த கதவுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தள்ளுங்க, குளிர் போகுது" என்றாள் அக்கா. "உங்க தம்பி வர்ற வரைக்கும் தாங்கணும்ல."