செக்கப்புக்கு டிமிக்கி கொடுத்த பிளம்பர்

அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'டேங்க்' என்றால்தான் தெரியும். பிளம்பர் வேலை பார்ப்பதால் வந்த பட்டப்பெயர் என்று வெளியாட்களிடம் சொல்லிக்கொள்வார். அது பாதி உண்மை. மீதிக்குக் காரணம் அவருடைய நூற்று நாற்பது கிலோ.

சிங்குக்கு அடியில் நுழைகிற வேலையெல்லாம் மனைவியின் தம்பிக்குத்தான். இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாயால் வேலை பார்ப்பார். ஒருநாள் மச்சினனுக்குக் காய்ச்சல். ஒரு வீட்டில் குளியல் தொட்டிக்குப் பின்னால் இருந்த சின்னக் கதவுக்குள் இவரே நுழைந்தார். நுழைந்தவரால் வெளியே வர முடியவில்லை. வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தெடுத்தார்கள். மானம் போய்விட்டது. சர்க்கரைக்கும் முழங்கால் வலிக்கும் சேர்த்து வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் பண்ணிக்கொள்ளச் சொல்லி டாக்டரம்மா ரொம்ப நாளாகக் கரடியாய்க் கத்திக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே மனைவியிடம், "பண்ணிக்கிறேன்" என்றார்.

அப்புறம் நடந்ததைத் தெருவே மூக்கின் மேல் விரலை வைத்துப் பார்த்தது. ஆள் மாதத்துக்கு மாதம் உருகினார். ஒன்றரை வருஷத்தில் எண்பத்தெட்டுக்கு வந்துவிட்டார். சர்க்கரை மாத்திரை நின்றது. சிங்குக்கு அடியில் இப்போது இவர், நாற்காலியில் மச்சினன்.

"என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே மாமா" என்பான் அவன்.

இவருக்குத் தலைகால் புரியவில்லை. "அடுத்த வருஷம் எழுபது. கல்யாணத்தன்னிக்கு இருந்த மாதிரி" என்று கண்டவரிடமெல்லாம் அளந்துவிட்டார்.

எடை மிஷின் முள் எண்பத்தெட்டில் நின்றது. பல மாதம் அசையவில்லை. பிறகு அசைந்தது, மேல்பக்கமாக. மூன்றாம் வருஷம் தொண்ணூற்றேழு. உள்ளே போட்ட தையல் விட்டுப்போய்விட்டது என்று அவராகவே முடிவு கட்டினார். எடை மிஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். சத்து மாத்திரைகளையும் விட்டுவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து செக்கப்புக்குக் கூப்பிடும்போதெல்லாம், "ஒரு வீட்டுல பைப் வெடிச்சிருச்சுங்க" என்பார். அவர் சொன்ன கணக்குக்கு ஊரே நீச்சல் பழகியிருக்க வேண்டும்.

கடைசியில் பைப் நிஜமாகவே வெடித்தது, அந்த ஆஸ்பத்திரியிலேயே. போனை எடுத்தவன் மச்சினன். அக்காவிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "ஏதோ ஆபீஸாம் மாமா" என்று இவரை வண்டியில் ஏற்றிவிட்டான். வாசலில் இறங்கியபோதுதான் இவருக்கு உறைத்தது. திரும்பிப் போகவும் வழியில்லை. தண்ணீர் டாக்டரம்மாவின் அறையிலிருந்து நடைவரை வந்திருந்தது.

தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, காலியாக இருந்த டாக்டர் அறைக்குள் புகுந்தார். வாஷ்பேசினுக்கு அடியில் தலையைக் கொடுத்து மல்லாந்து படுத்தார். இணைப்பை முறுக்கிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

"பைப் வெடிச்சிருச்சா?" டாக்டரம்மாவின் குரல்.

"ஆமாங்க. இந்த இணைப்பு விட்டுப்போச்சு."

"நான் போன வருஷத்தைக் கேட்டேன்."

ஸ்பேனர் கை நழுவி அவர் நெஞ்சிலேயே விழுந்தது.

"வெளிய வாங்க."

"இருக்கட்டும் டாக்டர், இங்கேயே சொல்லிடுங்க. மூஞ்சியைக் காட்ட முடியல."

"இப்ப எவ்வளவு?"

"தொண்ணூத்தேழு."

திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"இதுக்கா ஒளிஞ்சுக்கிட்டு இருந்தீங்க? முதல் ஒண்ணரை வருஷம் மளமளன்னு இறங்கும். அப்புறம் நிக்கும். அதுக்கப்புறம் கொஞ்சம் ஏறறது ரொம்பப் பேருக்கு உள்ளதுதான். ஆபரேஷனுக்கு முன்னாடியே சொன்னேன்."

"சொன்னீங்களா?"

"சொன்னேன். எழுபதுன்னு மட்டும் நான் சொல்லவே இல்ல."

"அப்ப தையல் விடலையா?"

"பார்த்துடலாம். விட்டிருக்கும்னு எனக்குத் தோணல. வேலைக்குப் போற வீட்டுல என்ன குடிப்பீங்க?"

பேசினுக்கு அடியில் ஸ்பேனர் மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

"ஜூஸ் குடுப்பாங்க. சில வீட்டுல ஐஸ்கிரீம். வேணாம்னா மனசு கஷ்டப்படுவாங்களேன்னு..."

"கெட்டியா சாப்பிட்டா அந்தச் சின்ன வயிறு போதும்னு சொல்லும். தித்திப்பா குடிச்சா வழுக்கிட்டு இறங்கிடும். தண்ணி போற வழியை உங்களுக்கு நான் சொல்லணுமா?"

வாசலில் நின்ற மச்சினன் சிரிப்பை அடக்க முடியாமல் நடைப்பக்கம் ஓடினான்.

மாத்திரையை நிறுத்தியதற்குத் தனியாக ஒரு டோஸ் விழுந்தது. அந்த மாத்திரை எடைக்கில்லை, ரத்தத்துக்கும் எலும்புக்கும். ஆயுசுக்கும் சாப்பிட வேண்டியது என்றார் டாக்டரம்மா. பிறகு கேட்டார்: "சர்க்கரை திரும்பி வந்துச்சா?"

"இல்லீங்க."

"முட்டி?"

"நாலு மாடி ஏறுறேன்."

"அப்புறம் என்ன? தொண்ணூறை ஒட்டி நின்னா எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்."

இவர் மெல்ல வெளியே வந்தார். முகமெல்லாம் துரு. முதலில் குழாயைத் திறந்து பார்த்தார், ஒழுகவில்லை. பிறகு தானாகவே போய் எடை மிஷின் மேல் ஏறி நின்றார்.

பரிசோதனையில் தையலில் கோளாறு எதுவும் இல்லை; இரும்புச் சத்துதான் குறைந்திருந்தது. ஜூஸ் நின்றது, மாத்திரை திரும்ப வந்தது, இப்போது தொண்ணூற்று மூன்றில் நிற்கிறார். தெரு இன்னும் எழுபது எப்போது என்று கேட்கிறது. "அது வேற ஆளுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மனைவியிடம் அதைச் சொல்லத்தான் சங்கடப்பட்டார். "எழுபது இனிமே கிடையாதாம்" என்றார், ஏதோ நகையைத் தொலைத்தவர் மாதிரி.

அந்த அம்மாள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "நல்லதாப் போச்சு. எழுபதுல உங்களைப் பார்த்துட்டுத்தான், பையன் நோஞ்சானா இருக்கானேன்னு எங்கம்மா கல்யாணத்துக்கே ஆறு மாசம் யோசிச்சாங்க."