அப்பா நடக்கத் தொடங்கிய வருடம்

பெரியப்பா, அப்பாவைப் பார்த்து, "சார் யாரு, எந்த ஊரு?" என்று மரியாதையாகக் கேட்ட நாளில்தான் எங்கள் வீட்டில் பயம் குடியேறியது. கூடப்பிறந்த தம்பியையே அவருக்கு மறந்துபோயிருந்தது. வயது அறுபதுகூட ஆகவில்லை. ஊருக்குப் போய் வந்த கையோடு அப்பா ஆவடியில் ஒரு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். எனக்கும் இது வருமா என்பது ஒன்றுதான் அவருடைய கேள்வி.

டாக்டர் பொறுமையானவர். "வரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாது. சிகரெட்டை விடுங்க. பிரஷரை ஏற விடாதீங்க. தினமும் நடங்க, நல்லா தூங்குங்க, நாலு பேரோட பேசிப் பழகுங்க. ஆபத்து குறைய வாய்ப்பு இருக்கு."

வாய்ப்பு என்ற சொல்லை அப்பா அங்கேயே விட்டுவிட்டு வந்தார். மற்றதையெல்லாம் சட்டமாக்கினார். ஊறுகாய் ஜாடி பரண் ஏறியது. பொங்கலுக்குக்கூட யாரிடமும் சிரிக்காத மனிதர், எதிர் வீட்டுக்காரரிடம் வலியப் போய்க் கதை பேசினார். "பட்டாத்தான் புத்தி வரும்பாங்க. இவருக்கு அண்ணன் பட்டதுக்கே வந்துருச்சு" என்றாள் அம்மா.

விடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு நடக்கப் போவார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவுக்குப் பதவி உயர்ந்து, பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்து, நாங்கள் சில தெரு தள்ளி மாறியிருந்த சமயம். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டுக்கும் ஒரே மஞ்சள் சுவர், ஒரே பச்சைக் கதவு. ஒரு நாள் நடந்து முடித்த அப்பா, நேராகப் போய் எங்கள் பழைய வீட்டின் கேட்டைத் திறந்தார். செருப்பைக் கழற்றினார். உள்ளே போய், "தண்ணி கொண்டா" என்றார். நான் கேட்டருகிலேயே நின்றுவிட்டேன். பெரியப்பாவின் முகம்தான் கண்முன்னால் வந்தது.

அங்கே புதிதாகக் குடிவந்திருந்த அக்கா சொம்போடு வந்து சிரித்தார். "இன்னா அண்ணா, பழைய ஊட்டு நெனப்பா? எங்க ஊட்டுக்காரரும் இப்டித்தான், ஷிப்ட் முட்ச்சிட்டு பழைய பிளாக்குக்குப் போயி கதவ தட்டிக்கினு நின்னாரு."

குவார்ட்டர்ஸ் மாறியவர்கள் எல்லாரும் செய்கிற தவறுதான். ஆனால் அப்பா சிரிக்கவில்லை. தண்ணீரைக் குடிக்காமலே சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

திரும்பும் வழியெல்லாம் என் கையை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தார். "அம்மாகிட்ட சொல்லாத" என்றார். நான் சொல்லவில்லை. குவார்ட்டர்ஸில் ஒரு செய்தி பரவ என் தயவு தேவையும் இல்லை.

மறுநாள் அம்மாவும் நடக்கக் கிளம்பினாள். உடம்பு போட்டுவிட்டதாம். கூட நடந்து வா என்றால் வரமாட்டாள், பின்னாலேயேதான் வந்தாள். "உங்க வேகத்துக்கு என்னால முடியுமா?" என்பாள். தண்ணீர் லாரி வந்தால் தெருவையே முந்திக்கொண்டு ஓடுகிறவள் அவள். நான் கேலி செய்துகொண்டே போவேன், அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லிக்கொண்டு வருவாள். தெருமுனை நெருங்கும்போது மட்டும் சட்டென்று பேச்சை நிறுத்திவிடுவாள். அப்பா எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்க்கத்தான் அவள் பேச்சை நிறுத்தினாள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.