வத்தளை மூங்கில் வீட்டின் மேற்குப் பக்கம்

காலை ஏழரைக்கு வெள்ளவத்தைச் சந்தியில் 100ஆம் இலக்க பஸ் பிடித்தேன். கக்கத்தில் சுருட்டிய வரைபடம். "இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட!" என்று கண்டக்டர் சிங்களத்தில் கத்த, முன்னுக்கு நகர்ந்து நகர்ந்து புறக்கோட்டை வரை நின்றே போனேன். நூறு ரூபாய் டிக்கெட்டுக்கு இவ்வளவு இடி தாராளம்தான்.

அங்கிருந்து ஆட்டோவில் கொட்டாஞ்சேனை. மூங்கில் வேலை செய்யும் ராயப்பன், மகளின் பள்ளிக்கூடப் பையை வாசலில் வைத்துவிட்டு என்னோடு ஏறிக்கொண்டார். களனிப் பாலம் தாண்டி வத்தளைக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர். என் கணவர் வாங்கிப் போட்ட எட்டுப் பேர்ச், அதாவது ஐந்து சென்ட், காணி அங்கே இருக்கிறது. அவர் போய் மூன்று வருடம். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நான் அதில் ஒரு சின்ன மூங்கில் வீடு கட்டிக் குடிபோகப் போகிறேன். மூங்கிலை அளவுக்கு வெட்டுவதற்கு முன் வரைபடத்தை இன்றே முடித்தாக வேண்டும்.

பத்தே கால். காணியில் வாழை, சேறு, நுளம்புக் கடி. ஒரு மூலையில் போராக்ஸ் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்ட மூங்கில்கள் அடுக்கிக் கிடந்தன; அப்படிச் செய்யாவிட்டால் பூச்சி தின்றுவிடுமாம். என் படத்தில் வீட்டின் மூங்கில் கால்கள் மண்ணில் படாமல் கொங்கிறீட் கட்டைமேல் நிற்கும். மழைச் சாரல் சுவரில் அடிக்காமல் கூரை நாலடி வெளியே நீளும். எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறேன் என்று கொஞ்சம் பெருமையாகத்தான் படத்தை விரித்தேன்.

ராயப்பன் படத்தையும் காணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அக்கா, ரெண்டு பக்கமும் ஜன்னலே இல்லயே. பக்கத்துல யாரு இருக்காங்க?"

"ஒருத்தரும் இல்லை. வாழைதான்."

"அப்ப ஏன் மூடினீங்க?"

ஐயோ கடவுளே! முப்பது வருடம் கம்பனியில் அடுக்குமாடி வரைந்த கை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் என்றே போட்டுப் பழகிவிட்டது. வெட்கத்தில் சிரித்துவிட்டேன். கிழக்கில் அங்கேயே ஜன்னல் போட்டேன். மேற்கில்தான் சிக்கல்.

"கடல் காத்து இந்தப் பக்கமாத்தான் வரும். இந்தச் சின்ன அறை அத மறிக்குது. இது யாருக்கு?"

"மகளுக்கு. டொரன்டோவில இருக்கிறா."

"அடிக்கடி வருவாங்களா?"

தகப்பனின் செத்தவீட்டுக்கே அவள் வரவில்லை. விசா, வேலை, ஏதோ ஒன்று. "அடுத்த வருஷம்" என்று வருடா வருடம் சொல்கிறாள், நானும் "ஓம் பிள்ளை" என்கிறேன். அதை இவரிடம் எப்படிச் சொல்வது? ராயப்பன் நல்ல மனிதர். திரும்பக் கேட்காமல் மூங்கில்களை எண்ணப் போய்விட்டார்.

வாழை நிழலில் அரை மணித்தியாலம் குந்தியிருந்தேன். பிறகு பென்சிலை எடுத்து அந்த அறையை நானே குறுக்கே கோடு போட்டு அடித்தேன். பன்னிரண்டுக்குப் பதினாறடி, ஒரே அறை, நாலு பக்கமும் ஜன்னல். "வெட்டுங்கோ ராயப்பன்" என்றேன்.

மாலை ஐந்தரைக்குத் திரும்பும் பஸ்ஸில், பம்பலப்பிட்டி தாண்டும்போது மகள் அழைத்தாள். அங்கே விடிந்து வேலைக்குப் புறப்படும் நேரம்.

"படம் முடிஞ்சுதோ அம்மா? என்ர அறை எந்தப் பக்கம்?"

"அறை இல்லை பிள்ளை. மூங்கில் வீடுதானே, எப்ப வேணுமெண்டாலும் ஒரு பக்கம் கூட்டிக் கட்டலாம். நீ டிக்கெட் போட்டிட்டுச் சொல்லு, அண்டைக்கே தொடங்கிறன்."

"பஸ் வந்திட்டுது அம்மா, பிறகு எடுக்கிறன்."

வெள்ளவத்தையில் இறங்கி, மூன்றாம் மாடி ஏறிக் கதவைத் திறந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் குக்கர் விசிலடித்தது, பிள்ளைகள் சண்டை பிடித்தார்கள். இவ்வளவு காலமும் எரிச்சலோடு கேட்ட சத்தம். வத்தளையில் இதுவும் இருக்காது. விளக்கைப் போடாமல் சுவரோடு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.