எட்டு மணிக்குத் திறக்கும் சன்னல்

போன வருடம் மகளைப் பார்க்க மலேசியாவின் கிள்ளானிலிருந்து பிரான்சுக்குப் போனேன். அவளும் மருமகனும் இருப்பது சின்னஞ்சிறு கிராமம். முப்பது கல்வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு ரொட்டிக்கடை, அவ்வளவுதான். எனக்கு எழுதப் படிக்க அதிகம் வராது. ஆனால் ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிடுவேன்.

வேலைக்குக் கிளம்பும்போது மகள் சொன்னாள். “மத்தியானம் ரொட்டிக்கடைய பூட்டிருவாங்க, அதுக்குள்ள போயிடுங்க. வழியில யாரப் பார்த்தாலும் போன்ஷூர் சொல்லணும்மா.”

“தெரியாதவங்களுக்கு எதுக்கு வணக்கம்? நம்ம ஊர்ல நின்னு வணக்கம் சொன்னா கைப்பைய பிடுங்கிட்டுப் போயிருவான் லா.”

எதிர்வீட்டில் என் வயது வெள்ளைக்காரி ஒருத்தி இருந்தாள். காலை எட்டு மணிக்கு நான் சன்னலின் மரக்கதவைத் திறந்தால், அவள் வாசலில் நின்று நிமிர்ந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு உள்ளே போவாள். மழையிலும் வந்து பார்த்தாள். மூன்றாம் நாள் என்னைக் காட்டி, ஒரு விரலை நீட்டி ஏதோ கேட்டாள். வீட்டில் தனியாகவா இருக்கிறாய் என்று கேட்கிறாள் போல. நான் நான்கு விரலைக் காட்டினேன். கிள்ளானில் எங்கள் வரிசையில் ஒரு வீட்டை இப்படித்தான் ஒரு வாரம் நோட்டம் பார்த்துவிட்டுக் கொள்ளையடித்தார்கள்.

மறுநாள் நான் மரக்கதவைத் திறக்கவே இல்லை. உள்ளே எத்தனை பேர் என்று தெரியாமல் திண்டாடட்டும் என்று வாசல் கதவைப் பூட்டி, நாற்காலியையும் முட்டுக்கொடுத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தேன்.

பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. நான் திறக்கவில்லை. பிறகு ஆண் குரல் கேட்டது. மாடிச் சன்னலில் ஏணி சாய்க்கும் சத்தமும் கேட்டது. கையில் சப்பாத்திக் கட்டையுடன் மகளைப் போனில் அழைத்தேன்.

“அவ ஆளோட வந்துட்டா. ஏணி போடுறாங்க. போலீஸக் கூப்பிடு.”

“அம்மா, சன்னலத் திறக்கலையா? அவங்க எனக்கும் போன் பண்ணிருக்காங்க, நான் பார்க்கல. மொதல்ல கதவத் திறங்க.”

திறந்தேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துப் பார்த்தாள். பிறகு படியில் உட்கார்ந்து அழுதாள். ஏணியில் நின்றவர் என் கட்டையைப் பார்த்து இறங்காமலே நின்றார்.

மாலையில் மகள் விவரம் சொன்னாள். இப்போது மகள் இருக்கும் வீட்டில் முன்பு ஒரு கிழவர் தனியாக இருந்தாராம். ஒருநாள் அவர் சன்னல் திறக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை. அவர் செத்துக் கிடந்ததை மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தார்களாம். அன்றிலிருந்து எல்லார் சன்னலையும் பார்த்த பிறகுதான் அவள் காப்பி குடிக்கிறாள்.

“நாலு பேருன்னு காட்டுனீங்களாமே. நாலு பேருமே செத்துட்டோம்னு பயந்துட்டாங்கம்மா.”

மறுநாள் எட்டு மணிக்கு நான்தான் முதலில் போன்ஷூர் சொன்னேன். அந்த ஊர்ப்பக்கம் போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் காலையில் சன்னலைத் திறக்க மறக்க வேண்டாம்.

கிள்ளானில் நான் தனியாகத்தான் இருக்கிறேன், கிரில் கதவுக்கு இரண்டு பூட்டு. எதிரே இருக்கும் சீனத்தி என் வாசலைப் பார்க்கும்போதெல்லாம் திரையை இழுத்துவிடுவேன், பதினொரு வருடமாக. திரும்பி வந்த மறுநாள் அவள் வீட்டுக்குப் போய், காலையில் என் வாசலைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று மலாயில் கேட்டேன். அவள் சிரித்தாள். “நீங்க ஆறு மணிக்கு வாசல் விளக்க அணைப்பீங்க, நான் தினமும் பார்ப்பேன். ஒரு மாசம் விளக்கே எரியல, எங்க போனீங்க? ரெண்டு தரம் வந்து கூப்பிட்டேன்.”

இப்போது விளக்கை அணைத்ததும் அவள் சன்னலைப் பார்த்துக்கொள்கிறேன், பதினொரு வருடம் தாமதமாக.