காக்கி போட்ட நடேசன்

வல்லக்கோட்டையில் நடேசனைப் போலீஸ்கார் என்றுதான் கூப்பிடுவார்கள். நெடுஞ்சாலையோரத்துப் போலீஸ் ஸ்டேஷனில் அவர் பெருக்குவார், தண்ணீர் பிடித்து வைப்பார், ஜீப் கழுவுவார். சர்க்கார் காகிதத்தில் அது பகுதிநேர வேலை. பகுதி நேரம் என்றால், விடிந்ததிலிருந்து இன்ஸ்பெக்டர் வீட்டுக்குக் கிளம்பும் வரை. சம்பளம் மட்டும் ஒழுங்காகப் பகுதியாகவே வந்தது.

ஏட்டு ரகுபதி தன் பழைய காக்கி உடுப்பை வருஷத்துக்கொரு தடவை அவர் தலையில் கட்டிவிடுவார். நடேசன் பொத்தானை மாற்றித் தைத்துப் போட்டுக்கொள்வார். ஊரில் மரியாதை கூடியது, யாருக்கும் நஷ்டமில்லை.

தொண்ணூற்றொன்று மே மாதத்துக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பெரிய அதிகாரிகள் வந்துபோவது சகஜமாகிவிட்டது. ஆடி மாதம் வரப்போகும் அதிகாரி ஊழியர்களின் குறை கேட்பார் என்று தெரிந்ததும், நடேசனின் மனைவி கிளியம்மாள் பிடித்த பிடியில் நின்று மனு எழுத வைத்தாள். அவருக்கு அறுபதாக இன்னும் ஒரு வருஷம்தான் இருந்தது. அதற்குள் வேலையை நிரந்தரமாக்கி, பழைய வருஷங்களையும் சேர்த்துக்கொண்டால் பென்ஷன் வரும். இல்லாவிட்டால் துடைப்பத்தை வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

அதிகாரி வரும் நாளன்று காலை நடேசன் வேட்டியை எடுத்தார்.

"அத்த வச்சிட்டுக் காக்கியப் போட்டுக்கினு போய்யா. இத்தினி வருசம் போலீசோட மாரடிச்சிட்டு, பென்ஷன் கேக்கச் சொல்ல மட்டும் கூலிக்காரனாட்டம் நிப்பியா?" என்றாள் கிளியம்மாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

அதிகாரி முன்னால் நடேசன் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். போலீஸ்காரர்களே அவ்வளவு நேர்த்தியாக அடிப்பதில்லை.

"தொப்பி எங்கய்யா? பெல்ட் எங்க?"

"நான் பெருக்கறவனுங்க ஐயா."

அதிகாரியின் முகம் மாறியது. கையில் வாங்கியிருந்த மனுவை மறந்துவிட்டார்.

"இந்த யூனிஃபார்மை உனக்கு யார் கொடுத்தது?"

ரகுபதி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அடுத்த மாதம் ஓய்வு. இந்த நேரத்தில் விசாரணை என்று வந்தால் அவருடைய பென்ஷன் நின்றுபோகும். அவர் கூரையைப் பார்த்தார். நடேசனும் அவர் பக்கம் திரும்பவில்லை.

"சந்தையில வாங்கினதுங்க ஐயா."

"இன்னொரு தடவை இதில் பார்த்தேன், கேஸ் போடச் சொல்லிடுவேன். உனக்கும் டிபார்ட்மென்ட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?" மனு நடேசனின் கைக்கே திரும்பி வந்தது.

கிளியம்மாளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அந்த ஏட்டு பேரச் சொன்னா இன்னா? வாய்ல இன்னா கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"சொன்னா எனக்குக் குட்த்துடுவாங்களா? அவருக்காச்சும் வரட்டும்" என்றார் நடேசன்.

மறுநாள் வேட்டி கட்டிக்கொண்டு வேலைக்குப் பஸ் ஏறினார். தினமும் பார்க்கிற கண்டக்டர்தான். காக்கியைப் பார்த்ததும் நகர்ந்துவிடுகிறவர், முகத்தை எப்போது பார்த்தார்?

"பெருசு, எங்க போவணும்? சில்லறையா குடு."

நடேசன் மடியைத் தடவினார். பஸ்ஸுக்கென்று காசு எடுத்துவரும் பழக்கமே அவருக்கு இல்லை. கண்டக்டர் பஸ்ஸை நிறுத்த விசில் ஊதினார்.