நோன்பு மாதத்து வடிச்சல் தண்ணீர்

எண்பதுகளின் தொடக்கத்தில் நோன்பு மாதம் மழையில்லாத சிறுபோகத்தின் நடுவில் வந்து விழுந்தது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். கல்முனைக்கு மேற்கே, கடல்நீர் ஏறும் களப்போரத்தில், எனக்குச் சீதனமாகக் கிடைத்த வயலை என் கணவர் செய்துகொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வயலும் பெண்ணின் பெயரில் இருக்கும். இவர் துணிக்கடைக் குடும்பத்துப் பிள்ளை. பூப்போட்ட சீத்தைத் துணியை முழம் போட்டே பழகிய கை அது. மண்வெட்டி பிடித்தால் பார்க்கவே பாவமாக இருக்கும். அவருடைய அண்ணன்மார், காக்காமார் வேறு, இவன் வயல் செய்து கிழித்தான் என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் போகத்தை எப்படியாவது விளைவித்துக் காட்டவேண்டும் என்று மனிதர் இரவு பகலாக நின்றார்.

எங்களுடையது கடைசி வயல்களில் ஒன்று. மேலே உள்ள வயல்களெல்லாம் குடித்து முடித்து மிச்சம் வடிந்து வருவதுதான் எங்களுக்கு. அந்த ஓடையை வடிச்சல் என்போம். அது போய்க் களப்பில் விழும். மழை இல்லாத காலத்தில் களப்பின் உப்புத் தண்ணீர் திரும்பி வடிச்சலுக்குள் ஏறிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒரே தண்ணீர்தான். தெரியாமல் பம்பு மெசின் வைத்து இறைத்துவிட்டால் பயிர் மட்டும் போகாது; உப்பு மண்ணுக்குள் இறங்கி, அடுத்தடுத்த போகங்களுக்கும் வயல் உவராகிக் கிடக்கும். அதனால் இறைக்குமுன் ஒரு வாய் குடித்துப் பார்ப்பார்கள். நெல்லுக்குக் கேடு செய்கிற கரிப்பு நுனி நாக்குக்குத் தெரியாது, ஒரு மிடறு தொண்டையில் இறங்கவேண்டும். விடியுமுன் சஹர் சாப்பிடும் நேரத்தில் பார்த்து வைக்கலாம்தான். ஆனால் விடியும்போது நன்றாக இருக்கிற தண்ணீர், காற்றுத் திரும்பினால் பகலில் கரிக்கும்.

நோன்போடு யார் குடிப்பது?

எங்கள் வீட்டில் நோன்பில்லாத ஆள் நான் ஒருத்திதான். வயிற்றில் ஐந்து மாதம். மருத்துவிச்சி கண்டிப்பாகத் தடுத்துவிட்டா. ஊரே பசித்திருக்க, நான் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு திருடியைப் போலத் தின்பேன். வெட்கம் பிடுங்கித் தின்னும். அப்படியிருக்க ஒரு நாள் இவர் பழைய பார்லிப் போத்தல் ஒன்றில் வடிச்சல் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினார். வயிற்றுப் பிள்ளைக்குச் சேற்றுத் தண்ணீரா என்று உம்மா குதித்தா. பிறகு அவவே ஒரு சட்டமும் போட்டா: ஒரு மிடறுக்கு மேல் இல்லை, மேல்வயலில் பூச்சிமருந்து அடித்தால் மூன்று நாளைக்கு எந்தப் போத்தலும் இந்த வேலிப் படலைக்குள் வரக்கூடாது.

விஷயம் பரவிவிட்டது. பத்து நாளில் படலையடியில் ஐந்தாறு போத்தல்கள் வரிசையாக நின்றன. ஒன்றுக்குக் கயிறு கட்டி, ஒன்றுக்குச் சீலைத்துண்டு அடைத்து, இன்னாருடையது என்று அடையாளம் வைத்து அனுப்பினார்கள். நல்லம், கரிக்குது என்று நான் தீர்ப்புச் சொல்லி அனுப்புவேன். நான் நோன்பு பிடிக்காதது களப்பு வரைக்கும் தெரிந்துபோயிற்று. ஆனால் வெட்கம் போய், எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே வந்துவிட்டது.

நோன்பின் கடைசிப் பத்து நாளில் எல்லாம் மாறியது. பயிர் குடலைப் பருவத்தில் நின்றது, கதிர் வெளியே வரவேண்டும். மேல்வாய்க்காலில் எப்போதாவது வருகிற எங்கள் முறைத் தண்ணீரும் வரவில்லை. வயல் வெடித்துக் கிடந்தது. அன்று வந்த எல்லாப் போத்தலும் கரித்தது. இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரே ஒரு தடவை இறைக்கிறேன், இல்லாவிட்டால் எல்லாம் மணி பிடிக்காமல் சப்பியாகிவிடும் என்று கெஞ்சினார். நான் விடவில்லை.

"பயிர் போனா ஒரு போகத்தோட போகும். மண் போனா நம்மட புள்ளைக்கும் இல்ல."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். பின்னேரம் அசர் தொழுகை நேரத்துக்கு வந்தவர், மெசின் வைக்கவில்லை என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, வடிச்சல் தண்ணீரைக் குடித்து நோன்பு முறிந்துவிட்டது என்றார். எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. இத்தனை நாள் ஊருக்கே சொன்ன என் வாயை, கட்டின மனிதன் நம்பவில்லையே. கேட்டேன். மண்வெட்டியைக் கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டார். அந்தப் போகம் முக்கால்வாசி சப்பிதான். காக்காமார் சிரித்தார்கள். அவருக்காகப் பரிதாபப்படவேண்டிய நான், சோறு போடும்போதெல்லாம் நம்பிக்கையில்லாத மனிசன் என்று குத்திக்கொண்டிருந்தேன். நாலைந்து மாதம்.

மகள் பிறந்து நாற்பதாம் நாள், பக்கத்து வயல்காரர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பார்க்க வந்தார். பெரும்போகப் பயிர் முளைத்திருந்த நேரம். கீழே இரண்டு வயல்காரர் அன்று யாருடைய பேச்சும் கேளாமல் இறைத்தவர்கள். அங்கே வரம்போரமெல்லாம் வெள்ளை பூத்து, நாற்று மஞ்சளாகிச் செத்துக்கொண்டிருக்கிறது என்றார். அவருடையதும் எங்களுடையதும் பச்சை.

"அண்டைக்கு உங்கட மனிசன் குடிக்காட்டி எங்கட வயலும் அப்பிடித்தான், தங்கச்சி."

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். அன்று உச்சிக்கு எல்லாரும் வடிச்சலில் மெசினை இறக்கிவிட்டு நின்றார்களாம். பிள்ளைத்தாச்சியின் வாய்க்கு எதுதான் சரியாக இருக்கும், அவள் கரிக்குது என்றதற்காகப் பயிரைக் காயவிடுவதா என்று ஒருவர் கேட்டாராம். இவர் சாரனை மடித்துக் கட்டி வடிச்சலுக்குள் இறங்கி, அத்தனை பேருக்கும் முன்னால் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தாராம்.

"என்ட பொஞ்சாதி சொன்னது சரி. இப்ப எனக்கும் நோன்பில்ல. இனி என்னட்டக் கேளுங்க."

வந்தவர் போன பிறகு, ஏன் இத்தனை நாளும் சொல்லவில்லை என்று கேட்டேன். இவர் மகளை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருந்தா நீ சண்டை புடிக்க வேற விசயம் தேடியிருப்பாய்."

சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அழுதும்விட்டேன். அந்த ஒரு நோன்பை அவர் பெருநாள் கழிந்த கையோடு திருப்பிப் பிடித்திருந்தார். அந்த நோன்பின் சஹருக்கு, கோபத்தில் நான் எழும்பவில்லை. முழிப்பாகத்தான் கிடந்தேன். இருட்டில் அவர் சட்டியைத் தடவித் தேடிப் பழஞ்சோற்றைப் பிசைந்து தின்கிற சத்தத்தை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.